கிழிக்கப்பட வேண்டிய ஜாப் கார்டு

மெக்கானிக்கல்காரனுக்கு உயிரியல் எதற்கு என்று கேட்பீர்கள். எனக்கும் ஆகாத பாடம்தான். ஆனால் ஜாக் மோனோவின் வாழ்க்கையைப் படித்த பிறகு, ஒர்க்‌ஷாப்பில் ஜாப் கார்டைப் பார்த்தாலே அவர் ஞாபகம்தான் வருகிறது.

1910-ல் பாரிஸில் பிறந்தவர். அப்பா ஓவியர், அம்மா அமெரிக்கர். போலியோவில் ஒரு கால் சூம்பிவிட்டது. அந்தக் காலோடுதான் பாறை ஏறினார். செல்லோவும் அருமையாக வாசிப்பார். இசையா, விஞ்ஞானமா என்று ரொம்ப நாள் ஊசலாட்டம்.

1941-ல் டாக்டர் பட்ட ஆய்வு. பாக்டீரியாவுக்கு இரண்டு வகைச் சர்க்கரையைச் சேர்த்துக் கொடுத்தால், பிடித்ததை முதலில் தின்று தீர்க்கும். கொஞ்ச நேரம் சும்மா கிடக்கும். அப்புறம்தான் அடுத்ததில் வாய் வைக்கும். ஏன் இந்த இடைவெளி? சோர்போனில் இருந்த பெரியவர்கள் இதைக் கண்டுகொள்ளவில்லையாம்.

அப்போது பாரிஸ் ஹிட்லர் படையின் பிடியில். மனைவி ஓடெட் யூதர், கைக்குழந்தைகளாக இரட்டைப் பிள்ளைகள். மாட்டினால் குடும்பமே காலி. அப்படியும் மனுஷன் எதிர்ப்புப் படையில் சேர்ந்தார். ரகசியக் காகிதங்களை ஆய்வுக்கூடத்துக்கு வெளியே நின்ற ஒட்டகச்சிவிங்கியின் கால் எலும்புக்குள் ஒளித்து வைத்தாராம்! நமக்கு பிட்டு ஒளிக்கவே கை நடுங்குகிறது.

போர் முடிந்து பாஸ்டர் நிறுவனம். 1961-ல் பிரான்சுவா ஜாக்கோபும் இவரும் தூது ஆர்.என்.ஏ. என்ற கருத்தை வெளியிட்டார்கள். டி.என்.ஏ. என்பது பீரோவில் பூட்டிய மாஸ்டர் டிராயிங். அதைப் பார்த்து எழுதி ஷாப்புக்கு அனுப்பும் ஜாப் கார்டுதான் தூது. வேலை முடிந்ததும் அது அழிய வேண்டும் என்பதுதான் சூட்சுமம். இன்பிளான்ட் டிரெயினிங்கில் பழைய கார்டு ஆணியிலேயே தொங்கியதால், ஆர்டர் முடிந்தது தெரியாமல் 12 புஷ் கடைந்து திட்டு வாங்கியவன் நான். எனக்கு இது உடனே புரிந்தது.

பாக்டீரியாவில் தூதின் ஆயுள் சில நிமிடம்தான். நம்மைப் போன்ற பாலூட்டிகளின் செல்லில் சில நிமிடமும் உண்டு, பல மணி நேரமும் உண்டு. அதைத் தீர்மானிப்பவை, மோனோவின் காலத்துக்குப் பின் தெரியவந்த புரதக் கூட்டணிகள். டிடிபி என்ற புரதம் சில தூதுகளின் கடைசிப் பகுதியில் ஒட்டிக்கொண்டு, சிசிஆர்4-நாட் என்ற புரதக் கூட்டத்தைக் கூப்பிடும். அது வாலை நறுக்கும். வால் போனால் தலையிலுள்ள தொப்பி கழலும். பிறகு மொத்தமும் துண்டு துண்டு. ஹெச்யூஆர் என்ற இன்னொரு புரதம் ஒட்டிக்கொண்டால் அதே தூது பிழைத்துக்கொள்ளும். டிடிபி இல்லாத எலிகளில் அழற்சிக்கான தூது அழியாமல் தங்கி, மூட்டெல்லாம் வீங்கிவிட்டது. ஒரு கார்டு கிழிபடாததன் விலை!

1960-ல் ஹங்கேரியிலிருந்து ஆக்னெஸ் உல்மன் தம்பதி, வண்டியில் குளியல் தொட்டிக்கு அடியில் ஒளிந்து எல்லை தாண்டினார்கள். ஏற்பாடு நம்மாளுதான். 1965-ல் ஜாக்கோப், லுவோஃப் இருவரோடும் நோபல். 1971-ல் பாஸ்டர் நிறுவனத்தின் இயக்குநர் ஆனார். 1976 மே 31-ல், தான் வளர்ந்த கான் நகரிலேயே காலமானார்.