படிக்காத மேதை காமராஜர்

பெரட்டுக்குப் போகும்போது பிள்ளையையும் எழுப்பி, கூடவே நிரைக்குக் கூட்டிப் போன காலத்தை நம்ம கோலா சாவா வட்டாரத்துப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஒட்டுப்பால் பொறுக்கினால் நாலு காசு. பள்ளிக்கூடம் போனால் என்ன கிடைக்கும் என்று நினைத்த காலம் அது. அந்தக் கேள்விக்குப் பதில் கண்டவர் காமராஜர்.

1903 ஜூலை 15-இல் விருதுநகரில் பிறந்தார். ஆறு வயதில் அப்பா குமாரசாமி போய்விட்டார். தாயார் சிவகாமி அம்மாளின் நகைதான் குடும்பத்தைக் காப்பாற்றியது. ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. மாமாவின் துணிக்கடையில் வேலை. பிறகு சுதந்திரப் போராட்டம். ஆறு தடவை சிறை, மொத்தம் சுமார் ஒன்பது ஆண்டு. கல்யாணமே செய்துகொள்ளவில்லை.

1954 ஏப்ரலில் சென்னை மாநில முதலமைச்சர் ஆனார். பிள்ளைகள் அரை நாள் படித்து, மீதி நேரம் அப்பன் தொழிலைக் கற்க வேண்டும் என்று முன்பு ஒரு திட்டம் வந்திருந்தது. குலக்கல்வி என்று ஜனங்கள் அதை எதிர்த்தார்கள். காமராஜர் ஆட்சி அதைக் கைவிட்டது. கூலிக்காரன் மகன் கூலிக்காரனாகத்தான் இருக்கணும் என்று எந்தச் சட்டமும் சொல்லக் கூடாது அல்லவா?

மாடு மேய்த்த பையனிடம் ஏன் படிக்கப் போகவில்லை என்று அவர் விசாரித்ததாகவும், சோறு போடுவார்களா என்று அவன் திருப்பிக் கேட்டதாகவும் இன்றும் சொல்வார்கள். பையன் சோம்பேறி இல்லை, வயிறுதான் காலி என்பது அவருக்குப் புரிந்தது. 1956-இல் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. முதலில் ஊர் ஜனங்கள் கொடுத்த நெல்லிலும் காசிலும் உலை கொதித்தது; பின்பு அரசாங்கமும் பணம் போட்டது. பள்ளி இல்லாத ஊர்களில் பள்ளி திறந்தார்கள். ஏழைப் பிள்ளைகளுக்குச் சம்பளம் இல்லை, சீருடையும் வந்தது.

1963-இல் கட்சி வேலைக்காகத் தாமே பதவியை விட்டார். டில்லியில் இரண்டு பிரதமர்கள் வர வழி செய்தார். தாம் அந்த நாற்காலியில் உட்காரவில்லை. 1975 அக்டோபர் 2-இல், காந்தி பிறந்த நாளில், வாடகை வீட்டில் கண்மூடினார். அடுத்த ஆண்டு பாரத ரத்னா வந்தது.

நாம் இன்னும் லயத்தில் இருந்தாலும் சரி, டவுனுக்கு வந்துவிட்டாலும் சரி, கஷ்டம் வந்தால் முதலில் கை வைப்பது பிள்ளையின் படிப்பில்தான். அதில் மட்டும் கை வைக்காமல் இருப்போம். ஆறாம் வகுப்போடு நின்றவர் அத்தனை பிள்ளைகளைப் படிக்க வைத்தார். நம்ம வீட்டில் இருக்கிற ரெண்டு பிள்ளையை நாம் படிக்க வைக்க மாட்டோமா?