கணித மேதை ஸ்ரீநிவாச இராமாநுஜன்

கொல்லிமலைக்கு மேற்கே, நாமக்கல் என்னும் ஊரில், ஒரே பாறையாய் ஓங்கிய குன்றின் அடியில் நாமகிரித் தாயார் கோயில் கொண்டிருக்கின்றாள். ஸ்ரீநிவாச இராமாநுஜனுடைய தாயாரின் குடும்பத்தார்க்கு அவளே வழிபடு தெய்வம். தமக்குக் கணித உண்மைகள் அத்தேவியின் அருளால் கனவில் தோன்றுவனவாக அவர் சொல்லி வந்தார் என்பர். இதனைக் கேட்ட பலர், அவர் முடிவுகளைக் கண்டவரேயன்றி அவற்றை நிரூபிக்க வல்லவர் அல்லர் என்று கருதுகின்றனர். அக்கருத்து முற்றும் பொருந்தாது என்பதை அவருடைய சரித்திரமே நமக்குக் காட்டும்.

இராமாநுஜன் 1887-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் ஈரோட்டில் தம் பாட்டனார் இல்லத்தில் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்தார். 1904-இல் பள்ளிப் படிப்பை முடித்து அவ்வூர் அரசாங்கக் கல்லூரியிற் சேர்ந்தார். கணிதத்திலேயே மூழ்கி ஏனைய பாடங்களைக் கைவிட்டமையால் உபகாரச் சம்பளத்தை இழந்தார். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிற் பயின்றும் எப்.ஏ. பரீக்ஷையில் தேறினாரல்லர். வறுமையும் பிணியும் வாட்டிய அந்நாட்களிலும் தம் குறிப்புப் புத்தகங்களை நிரப்புவதை அவர் விட்டாரில்லை. 1912-இல் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தா ஆனார்.

1913-ஆம் ஆண்டு ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குத் தம் தேற்றங்கள் பலவற்றை எழுதி விடுத்தார். அவற்றுட் பல ஹார்டியை வியப்பில் ஆழ்த்தின. எனினும் பகா எண்களைப் பற்றி அவர் கொண்டிருந்த கருத்துக்களிற் சில பிழையென்று பின்னர்த் தெளிவாயிற்று. 1914-ஆம் ஆண்டு மார்ச்சு 17-ஆம் நாள் கப்பலேறி இங்கிலாந்து சென்றவர், பிழையை மறைக்க முயலாது, நிரூபண முறையை முயன்று கற்றார். 1918-இல் இராயல் சங்கத்தின் அங்கத்தினராகவும், டிரினிடிக் கல்லூரியின் பெல்லோவாகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அவர் கற்ற பயனை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். ஒன்றினும் பெரிய எந்த எண்ணை எடுத்துக்கொண்டாலும், அதற்கும் அதன் இருமடங்கிற்கும் இடையே ஒரு பகா எண்ணேனும் இருக்கும். சான்றாக, 10-க்கும் 20-க்கும் இடையே 11, 13, 17, 19 ஆகிய நான்கு உள்ளன. பெர்த்ராந் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1845-இல் இதனை 30 லட்சம் வரை சோதித்துப் பார்த்தனர், நிரூபித்தாரில்லை. எத்துணை எண்களைச் சோதிப்பினும் சோதனை நிரூபணமாகாதன்றோ? உருசிய தேசத்துக் கணித மேதை செபிஷேவ் (1821–1894) என்பார் 1852-இல் இதனை ஐயமற நிறுவினார். செபிஷேவ் காலமான பொழுது இராமாநுஜன் ஏழு வயதும் நிரம்பாத சிறுவர். அச்சிறுவரே வளர்ந்து, செபிஷேவ் வகுத்த கருவிகளையே கொண்டு, மிகச் சுருங்கிய வேறொரு நிரூபணத்தை 1919-இல் இந்தியக் கணித சங்கத்தின் பத்திரிகையில் வெளியிட்டார். அஃது இரண்டு பக்கங்களுள் அடங்கியது. அம்மட்டோ? 41-ம் அதற்கு மேற்பட்டதுமான எவ்வெண்ணாயினும், அதன் பாதிக்கு மேல் அவ்வெண் வரையில் ஐந்து பகா எண்களேனும் உண்டு என்பது போன்ற நுட்பங்களையும் அதன்கண் காட்டினார். பகா எண்களிலே ஒருகால் இடறியவர், அவற்றிலேயே உறுதியான நிரூபணம் கண்டது நாம் நினைந்து போற்றற்குரியது.

1919-இல் நோயுற்ற உடலுடன் தாயகம் மீண்ட அவர், படுக்கையிற் கிடந்தும் ஆராய்ச்சியை விடாது, 1920-ஆம் ஆண்டு ஏப்ரல் 26-ஆம் நாள் சென்னையில் உயிர் நீத்தார். அப்பொழுது அவருக்கு வயது 32.

பரீக்ஷையில் தவறியவரும் மேதையாகலாம் என்பதை மட்டும் இச்சரித்திரத்தினின்று எடுத்துக்கொண்டு நாம் பாடங்களைப் புறக்கணித்தல் ஆகாது. உள்ளத்தில் உதித்த ஒளியை உழைப்பால் சோதித்து உண்மையாக்கும் பணிவே அவர் நமக்கு விட்டுச் சென்ற செல்வம். அவ்வருமையான ஒளி நமக்கு வாயாதெனினும், அவ்வுழைப்பு நம் அனைவர்க்கும் கைகூடுவதேயாம்.