அண்ணனைக் கண்டுபிடித்த வில்லியம் ஸ்டில்

டாலாவிலிருந்து பான்சோடான் போக நமக்குப் படகு இருக்கு. டிக்கெட் எடுத்து ஏறினால் போதும். ஆனால் முன்பு அமெரிக்காவில் அடிமைகளாக இருந்த கறுப்பின மக்களால் அப்படி எங்கேயும் போக முடியாது. அவர்களை ஆடு மாடு போல விற்றார்கள். அம்மா ஓர் ஊரில், பிள்ளை வேறு ஊரில்.

அதனால் பலர் இரவில் தப்பி ஓடினார்கள். அவர்களுக்கு உதவ ஒரு ரகசிய வழி இருந்தது. அதன் பெயர் நிலத்தடி ரயில்பாதை. பெயரைக் கேட்டு ஏமாந்துடாதீங்க! அங்கே ரயிலும் இல்ல, சுரங்கமும் இல்ல. ஒளிந்துகொள்ள இடம் தந்த வீடுதான் ஸ்டேஷன். வழி காட்டுகிறவர்தான் கண்டக்டர்.

இந்த வேலையைச் செய்தவர்களில் ஒருவர் வில்லியம் ஸ்டில். 1821இல் நியூ ஜெர்சியில் பிறந்தார். 18 பிள்ளைகளில் இவர்தான் கடைக்குட்டி. இவருடைய அம்மாவும் அடிமையாக இருந்து தப்பி வந்தவர். இரண்டு மகள்களை மட்டும்தான் அவரால் கூட்டிட்டு வர முடிந்தது. லெவின், பீட்டர் என்ற இரண்டு மகன்களையும் விட்டுட்டு வந்தார். பிடிபடாமல் இருக்க, சிட்னி என்ற தன் பெயரைச் சாரிட்டி என்று மாற்றிக்கொண்டார். அப்போ வில்லியம் பிறக்கவே இல்ல.

வில்லியம் வளர்ந்து பிலடெல்பியா நகருக்குப் போனார். 1847இல் அடிமை முறையை எதிர்த்த ஒரு சங்கத்தின் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். தப்பி வந்தவர்களுக்குச் சாப்பாடு, துணி, தங்க இடம் எல்லாம் தேடித் தந்தார்.

1850இல் ஒருநாள், ஐம்பது வயதை நெருங்கிய ஒருவர் அங்கே வந்தார். சின்ன வயசில் பிரிந்த அம்மாவைத் தேடுவதாகச் சொன்னார். அம்மா பெயர் சிட்னி, அப்பா பெயர் லெவின் என்றார். வில்லியத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. எதிரே உட்கார்ந்திருந்தவர் அவருடைய சொந்த அண்ணன் பீட்டர்! அம்மா அப்போது உயிரோடு இருந்தார். சுமார் நாற்பது வருஷத்துக்குப் பிறகு மகனைப் பார்த்தார். இன்னொரு மகன் லெவின் மட்டும் வரவில்லை. அவர் அடிமையாகவே இறந்துவிட்டார்.

பெயரை மாற்றிக்கொண்டவரை எப்படித் தேடுவது? வில்லியம் யோசித்தார். பிறகு, வந்த ஒவ்வொருவரிடமும் பழைய பெயர், புதுப் பெயர், ஊர், சொந்தக்காரர்கள் எல்லாவற்றையும் கேட்டுக் கவனமாக எழுதி வைத்தார். நாங்க இன்னைக்குக் கம்ப்யூட்டரில் செய்வதை அவர் பேனாவால் செய்தார். ஆனால் அது ஆபத்தான வேலை. தப்பி வந்தவர்களுக்கு உதவினால் ஆறு மாதம்வரை சிறை, ஆயிரம் டாலர்வரை அபராதம். அதனால் அந்தத் தாள்களை ஒரு கல்லறைத் தோட்டத்துக் கட்டிடத்தில் ஒளித்து வைத்தார்.

1865இல் அடிமை முறை ஒழிந்தது. 1872இல் அந்தக் குறிப்புகளைப் பெரிய புத்தகமாக வெளியிட்டார். ரயில்பாதையின் பெயர்தான் புத்தகத்தின் பெயரும். வில்லியம் 1902இல் காலமானார். தங்கள் பாட்டன், பூட்டன் யார் என்று தேடுகிறவர்கள் இப்பவும் அந்தப் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கிறார்கள்.