சாரணர் இயக்கமும் அன்னி பெசன்ட் அம்மையாரும்

பள்ளி விழாக்களில் கழுத்தில் ஸ்கார்ப் கட்டி அணிவகுத்து நிற்கும் சாரணச் சிறுவர்களுள் நம் சமுதாயப் பிள்ளைகளும் இருக்கக் கண்டு மகிழ்கிறோம். அச்சீருடை ஒரு காலத்தில் இந்தியச் சிறுவர்களுக்கே மறுக்கப்பட்டிருந்தது. அம்மறுப்பை எதிர்த்து நின்றோருள் முதன்மையானவர் டாக்டர் அன்னி பெசன்ட் அம்மையார். அவர்தம் வாழ்வை நம் இளைஞர்கள் முழுமையாக அறிதல் வேண்டும். நம் ஊர்க் கல்வெட்டின் குடவோலைத் தேர்தலைப் புகழ்வோர், அதில் யார் நிற்கலாகாது என்ற பகுதியைப் படிப்பதில்லை. பெரியோர் வரலாற்றையும் அவ்வாறு பாதியாகப் படிப்பது நமக்குத் தகாது.

அம்மையார் 1847 அக்டோபர் 1 அன்று லண்டனில் பிறந்தார். பாதிரியாரான கணவருடன் சமயக் கருத்தில் மாறுபட்டு 1873இல் பிரிந்தார். 1888இல் லண்டன் தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்கள் அற்பக் கூலியையும் அபராதத்தையும் எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தபோது, அவர்களுக்காக எழுதியும் பேசியும் துணைநின்றார். 1893இல் இந்தியா வந்தார். 1907இல் அடையாறு பிரம்மஞான சபையின் தலைவரானார்.

அதே 1907இல் இங்கிலாந்தில் பேடன் பவல் தம் முதல் சிறுவர் முகாமை நடத்தினார். 1909இல் பெங்களூரில் சாரணர் படை தோன்றியது. ஆயினும் அதில் ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியச் சிறுவர்களுக்கே இடமிருந்தது. கட்டுப்பாடும் பயிற்சியும் பெற்ற இந்தியச் சிறுவர் நாளை ஆட்சியை எதிர்ப்பர் என்று ஆள்வோர் அஞ்சினர். அம்மையார் வேண்டிக்கொண்டு காத்திருக்கவில்லை. ஜார்ஜ் அருண்டேலுடன் சேர்ந்து 1916–17 காலத்தில் சென்னையில் இந்தியச் சாரணர் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொப்பிக்குப் பதில் தலைப்பாகை, ஆங்கிலப் பாட்டுக்குப் பதில் நம் நாட்டுப் பாடல்கள் என அது வளர்ந்தது. தன்னாட்சிக் கிளர்ச்சிக்காக 1917 ஜூனில் உதகையில் காவலில் வைக்கப்பட்ட அம்மையார், செப்டம்பரில் விடுதலையாகி, டிசம்பரில் கல்கத்தாக் காங்கிரசுக்குத் தலைமை தாங்கினார். 1921இல் பேடன் பவல் இந்தியா வந்தபோது அம்மையாரின் சங்கம் தாய்ச்சங்கத்துடன் இணைந்தது. இந்தியச் சிறுவனுக்கும் கதவு திறந்தது.

இனி மறுபக்கம். 1909இல், தாழ்த்தப்பட்டோர் முன்னேற்றம் குறித்து அம்மையார் ஒரு கட்டுரை எழுதினார். நம் பிள்ளைகளுக்குக் கல்வி வேண்டும் என்பதை அவர் மறுக்கவில்லை. ஆனால் நம் உணவையும் உடலையும் இழித்துக் கூறி, உயர்சாதிப் பிள்ளைகளுடன் ஒரே வகுப்பில் நம் பிள்ளைகளை அமர்த்தலாகாது என்று வாதிட்டார். டாக்டர் அம்பேத்கர் 1945இல் வெளியிட்ட நூலில் இதனை எடுத்துக்காட்டிக் கண்டித்துள்ளார். எந்த வகுப்பினனாயினும் சாரணன் மற்றொரு சாரணனுக்குச் சகோதரன் என்பது பேடன் பவல் 1908இலேயே வகுத்த விதி. வெள்ளையரின் பாகுபாட்டைக் கண்டு கொதித்த அம்மையார், சேரிச் சிறுவனுக்கு அவ்விதியை ஏன் நீட்டவில்லை? அறியாமை என்று நாம் அதனைத் தள்ளிவிட இயலாது. தீப்பெட்டிப் பெண்களின் வறுமையை அருகிருந்து கண்டவர் அவர். வறுமையின் அழுக்கைப் பிறப்பின் அழுக்காகக் கொண்டதே அவர் பிழை என்பது நம் கருத்து.

அவருக்கு முன்பு சபைத் தலைவராயிருந்த கர்னல் ஆல்காட், 1894இலேயே அடையாற்றில் பஞ்சமர் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி தொடங்கியிருந்தார். அம்மையார் தலைமையிலும் அப்பணி தொடர்ந்தது.

அம்மையார் 1933 செப்டம்பர் 20 அன்று அடையாற்றில் காலமானார். 1950 நவம்பர் 7 அன்று நாட்டின் சாரணர் அமைப்புகள் ஒன்றாகிப் பாரத சாரணர் இயக்கம் உருவாயிற்று. ஆல்காட் தொடங்கிய அப்பள்ளி, அம்மையார் பெயர் தாங்கிய சென்னை பெசன்ட் நகரில் இன்றும் நடைபெற்று வருகிறது.