வால்டன் குளக்கரையில் ஒருவர்

1960களில் வியட்நாம் யுத்தத்தை எதிர்த்து வீதிக்கு இறங்கிய அமெரிக்க இளைஞர்கள், நூறு வருடங்களுக்கு முன் வாழ்ந்த ஒருவரின் கட்டுரைகளை விரும்பிப் படித்தார்கள். அவர் ஹென்றி டேவிட் தோரோ. ஒரு துறவியின் கதை என்று நினைத்துத்தான் நானும் வாசிக்கத் தொடங்கினேன்.

1817இல் மசசூசெட்ஸ் மாநிலத்தின் கொன்கோட் என்ற ஊரில் பிறந்தார். தந்தை பென்சில் செய்பவர். ஹாவட்டில் படித்து முடித்து, 1837இல் ஊர்ப் பாடசாலையில் ஆசிரியரானார். பிரம்பு எடுப்பதில்லை என்று மேலிடம் குறை சொல்ல, சில பிள்ளைகளை அடித்துவிட்டு அன்றே வேலையை விட்டார். (அடிபட்ட பிள்ளைகள் என்ன பிழை செய்தார்கள்?) பிறகு அண்ணன் ஜோனுடன் சேர்ந்து அடியில்லாத பள்ளியொன்றை நடத்தினார். 1842இல் சவரக் கத்தி பட்ட சிறு காயத்தால் ஏற்புவலி கண்டு, அண்ணன் இவர் கைகளிலேயே இறந்தார்.

1845இல் வால்டன் குளக்கரையில் தானே ஒரு சிறு வீடு கட்டினார். செலவு 28 டொலரும் பன்னிரண்டரை சதமும். ஆணிக்குக்கூடக் கணக்கு எழுதியிருக்கிறார். இரண்டு வருடங்களும் இரண்டு மாதங்களும் அங்கே தனியாக இருந்தார். அண்ணனுடன் போன படகுப் பயணத்தைப் பற்றிய நூலை எழுதியது அங்கேதான். இதை உம்மாவிடம் சொன்னேன். உடுப்புக் கழுவியது யார் என்று கேட்டார். தேடிப் பார்த்தால், தாயின் வீடு நடந்து போகும் தூரத்தில்! அடிக்கடி போய்ச் சாப்பிட்டும் இருக்கிறார். எனக்குச் சற்று ஏமாற்றம்தான். ஆனால் அந்தத் தாயும் சகோதரிகளும் அடிமைமுறைக்கு எதிரான பெண்கள் சங்கத்தில் உழைத்தவர்கள் என்பதும் அந்தத் தேடலில்தான் தெரிந்தது.

1846 ஜூலையில், திருத்தக் கொடுத்த சப்பாத்தை எடுக்க ஊருக்குள் போனவரைப் பிடித்துச் சிறையில் வைத்தார்கள். அடிமைகளை வைத்திருக்கும் அரசுக்கு வரி கட்டமாட்டேன் என்று சில வருடங்களாக மறுத்திருந்தார். யாரோ வரியைக் கட்டிவிட, மறுநாள் வெளியே விட்டார்கள். அவருக்கோ கோபம். சப்பாத்தை வாங்கிப் போட்டுக்கொண்டு காட்டுப்பழம் பறிக்கப் போய்விட்டார்.

அந்த ஓர் இரவிலிருந்து பிறந்த கட்டுரை 1849இல் வெளியானது. தென்னாபிரிக்காவில் காந்தியும், பின்னர் மாணவராக இருந்த மார்ட்டின் லூதர் கிங்கும் அதை வாசித்தார்கள். அவர் உயிரோடிருந்த காலத்தில் நடந்தது வேறு. படகுப் பயண நூலில் அச்சிட்ட 1000 பிரதிகளில் விற்காத 706ஐ 1853இல் பதிப்பாளர் வீட்டுக்கே திருப்பி அனுப்பினார். அவற்றைத் தானே மாடிக்குச் சுமந்தார்.

1862 மே 6இல், 44 வயதில், காசநோயால் இறந்தார். அடிமைமுறை ஒழிய இன்னும் மூன்று வருடங்கள் இருந்தன. கடைசி மாதங்களில் அவரால் எழுத முடியாதபோது, பக்கத்தில் இருந்து எழுதிக்கொடுத்தவர் தங்கை சோபியா.