பிடி அரிசியில் எழுந்த பள்ளி



மதுரை நகரத்தோடு 2011-ல் சேர்க்கப்பட்ட ஆனையூரில், பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் ஒரு நாள் நின்று பாருங்கள். கொத்துவேலைக்காரரின் மகள், ஆட்டோ ஓட்டுபவரின் மகன், இட்லிக் கடைக்காரியின் பேத்தி எல்லோரும் ஒரே நிற உடையில் கூட்டமாக வருவார்கள். மதியச் சோறு பள்ளியிலேயே உண்டு முடித்திருப்பார்கள். சம்பளம் கட்டவில்லையென்று வெளியே நிறுத்தப்பட்ட பிள்ளை அந்தக் கூட்டத்தில் இராது. இது ஏதோ ஆதிகாலம் முதல் இருந்துவந்த வழக்கம்போல நமக்குத் தோன்றுகிறது. அப்படி இல்லை. நம் தாத்தாக்களைக் கேட்டால் தெரியும்.

இந்த வழக்கத்தின் வேரைத் தேடினால், மதுரைக்குத் தெற்கே விருதுநகரில் உள்ள ஓர் உயர்நிலைப் பள்ளிக்குப் போக வேண்டும். சத்திரிய வித்தியாசாலை என்பது அதன் பெயர். 1889-ல் அவ்வூர் நாடார் மக்கள் எழுப்பியது. சீமானோ சமீன்தாரோ கொடுத்த பணத்தில் எழுந்ததல்ல. வீட்டுக்கு வீடு உலையிலே அரிசி போடுமுன் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போட்டுவைத்தார்கள். அந்த அரிசியைத் திரட்டி விற்ற காசும், வணிகர்கள் தந்த மகமையும் பள்ளியாயின. அந்த மக்களின் அன்றைய நிலையை எண்ணிப் பாருங்கள். கோயில் வாசல் அவர்களுக்குத் திறக்கவில்லை. கமுதிக் கோயிலுக்குள் 1897-ல் போனதற்காக அவர்கள்மீது வழக்குத் தொடுத்தார்கள். இலண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் அந்த வழக்கில் தோற்றார்கள். 1899-ல் சிவகாசி தீப்பட்டு எரிந்தது. மீனாட்சியம்மன் கோயில் வாசல் 1939-ல்தான் திறந்தது. சாமி கதவைத் திறக்குமுன்பே சரசுவதியின் கதவைத் தாங்களே செய்து மாட்டிக்கொண்டவர்கள் அவர்கள்! அதைவிடப் பெரிய செய்தி, அந்தக் கதவை எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் திறந்துவிட்டதுதான்.

அந்தப் பள்ளியில் படித்தவர் காமராசர். 1903 சூலை 15-ல் பிறந்தவர். ஆறு வயதில் தந்தை குமாரசாமி மறைந்தார். தாய் சிவகாமி நகையை விற்றுக் குடும்பத்தை ஓட்டினார். ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. பையன் மாமன் கருப்பையாவின் துணிக்கடையில் போய் உட்கார்ந்தான்.

பள்ளி நாட்களைப் பற்றி நாடெங்கும் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. பிள்ளையார் சதுர்த்திக்குப் பையன்கள் எல்லோரிடமும் சமமாகக் காசு வாங்கினார்கள். பூசை முடிந்ததும் பிரசாதத்துக்கு முண்டியடித்தார்கள். பலசாலிப் பையன்கள் கை நிறைய அள்ளினார்கள். காமராசர் ஓரமாக நின்றார். கடைசியில் கொஞ்சம் கிடைத்தது. வீட்டில் கேட்டபோது, எல்லோரும் ஒரே காசு கொடுத்திருக்க எல்லோருக்கும் ஒரே பங்குதானே வரவேண்டும், நான் ஏன் முட்டிமோதவேண்டும் என்று அந்தச் சிறுவன் கேட்டானாம். குடியாட்சி என்றால் என்னவென்று மேடையில் ஒரு மணி நேரம் பேசுகிறவர்கள், இந்தக் கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிட்டுப் பேசலாம்!

பிறகு வந்த போராட்டக் கதை ஊரறிந்தது. 1930 உப்புப் போரில் தொடங்கி ஏறக்குறைய 9 ஆண்டுகள் சிறை. பள்ளி தராத படிப்பைச் சிறை தந்தது. 1941-ல் சிறைக்குள் இருக்கும்போதே விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். விடுதலையாகி வந்தவர், அந்தப் பொறுப்புக்கு முழு நேரமும் தர முடியாதென்று உடனே விலகிக்கொண்டார். நாற்காலியில் ஒட்டிக்கொள்ளும் பசை அவரிடம் இல்லை.

1953-ல் இராசாசி அமைச்சரவை ஒரு தொடக்கக் கல்வித் திட்டம் கொண்டுவந்தது. கிராமத்துப் பிள்ளைகளுக்கு நாளைக்கு மூன்று மணி நேரம் பள்ளி. மற்ற நேரம் பெற்றோரின் தொழில். குயவன் மகன் சக்கரத்துக்கு, வண்ணான் மகன் துறைக்கு, சக்கிலியன் மகன் தோலுக்கு! குலக்கல்வி என்று நாடு கொதித்தது. இராசாசி விலகினார். கட்சித் தலைவர் தேர்தலில் சி. சுப்பிரமணியம் போட்டியிட்டார், அவர் பெயரை முன்மொழிந்தவர் பக்தவத்சலம். காமராசர் வென்றார். 1954 ஏப்ரல் 13-ல் முதலமைச்சர் ஆனதும், எதிர்த்து நின்ற அந்த இருவரையும் அமைச்சர்களாக்கினார். தாழ்த்தப்பட்ட வகுப்பில் வந்த பரமேசுவரனிடம் கோயில்களைக் கவனிக்கும் துறையைக் கொடுத்தார். அடுத்த மாதமே அந்தக் கல்வித் திட்டம் கைவிடப்பட்டது. ஆறாம் வகுப்போடு நின்றவர், பிறர் பிள்ளைகளை அரை வகுப்போடு நிற்க விடவில்லை.

திறந்த பள்ளிக்குப் பிள்ளை வரவேண்டுமே! மாடு மேய்த்தால்தான் கூழ் என்றிருக்கும் வீட்டிலிருந்து எப்படி வரும்? கல்வித் துறை இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலுவோடு சேர்ந்து காமராசர் கண்ட வழிதான் மதிய உணவு. 1956-ல் பாரதி பிறந்த எட்டயபுரத்தில் தொடங்கியது. முதலில் ஊரார் தந்த அரிசி, ஊரார் வெட்டிய விறகு. பிறகு அரசு கைகொடுத்தது: ஒரு சாப்பாட்டுக்குப் 10 பைசா என்றால் 6 பைசா அரசினுடையது, 4 பைசா ஊரினுடையது. 1958-ல் செங்கற்பட்டு மாவட்டம் கடம்பத்தூரில் பள்ளிச் சீரமைப்பு மாநாடு கூடியது. பிறகு ஊர் ஊராகக் கூடியது. பெஞ்சு கொடுத்தவர், கடிகாரம் கொடுத்தவர், கரும்பலகை கொடுத்தவர், கட்டடமே கட்டித் தந்தவர் என்று மக்கள் வரிசையாக வந்தார்கள். விருதுநகர்ப் பெண்கள் 1889-ல் வைத்த அதே பிடி அரிசிப் பானைதான், நாடு முழுவதுக்குமாகப் பெரிதாயிற்று. 1960-ல் ஏழைப் பிள்ளைகளுக்குப் பதினோராம் வகுப்பு வரை சம்பளமில்லை என்றாயிற்று.

குறையே இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. 1963 அக்டோபர் 2-ல் கட்சிப் பணிக்காகப் பதவியை விட்டார். அகில இந்தியத் தலைவரானார். டெல்லிக்குப் போனபின் தமிழ்நாட்டு மாணவனின் மனம் அவர் காதுக்கு எட்டவில்லை. 1965 சனவரி 25-ல் மதுரையில் இந்தி எதிர்ப்பு ஊர்வலத்தில் மூண்ட கலவரம் மாநிலமெங்கும் பரவியது. துப்பாக்கி வெடித்தது. தன் கட்சி ஆட்சியின் கையிலிருந்த துப்பாக்கியை இறக்கச் செய்யும் வலிமை அவருக்கு இருந்தது. அவர் உரிய காலத்தில் அதைச் செய்யவில்லை. அரிசிப் பஞ்சமும் சேர்ந்தது. 1967 தேர்தலில் சொந்த ஊரான விருதுநகரில் மாணவர் தலைவர் பெ. சீனிவாசனிடம் 1,285 வாக்கில் தோற்றார்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வாக்களிக்கும் வயது அப்போது 21. 1954-ல் எட்டு வயதில் சிலேட்டோடு போன பிள்ளை, 1967-ல் வாக்குச் சாவடியில் நின்றான். காமராசர் திறந்த பள்ளியில் எழுத்துக் கூட்டியவர்கள், வாக்குச் சீட்டில் காமராசரின் பெயரைப் படித்துப் பார்த்தே வேறொருவருக்குக் குத்தினார்கள். அவருடைய ஊரில் அன்று எத்தனை பேர் அப்படிச் செய்திருப்பார்களோ! காமராசர் முணுமுணுக்கவில்லை, மக்கள் தீர்ப்பென்று ஏற்றுக்கொண்டார். வென்றவர் பின்னாளில் சட்டமன்றத் துணைத் தலைவராக அமர்ந்தார். தோற்றவர் 1969-ல் நாகர்கோவிலில் நின்று மக்களவைக்குப் போனார்.

1975 அக்டோபர் 2-ல் காமராசர் மறைந்தார். 1966-ல் தொடங்கிய மதுரைப் பல்கலைக்கழகத்துக்கு 1978-ல் அவர் பெயரைச் சூட்டினார்கள். ஆனையூரிலிருந்து பேருந்தில் ஏறித் தேனிச் சாலைக்கு மாறினால் அந்தப் பெயர்ப் பலகையைப் பார்க்கலாம். பட்டம் வாங்க நிற்கும் பிள்ளைகளின் கையில் தரும் தாளில், ஆறாம் வகுப்போடு துணிக்கடைக்குப் போன பையனின் பெயர் அச்சாகியிருக்கிறது.