சர்வீஸ் ஆளுக்காகக் காத்திருக்காத மனிதர்: ஜி.டி.நாயுடு வாழ்க்கையில் லேசர் மெஷின்காரர்களுக்கு என்ன இருக்கிறது?

கோவை அவிநாசி சாலையில் 2025 அக்டோபரில் திறக்கப்பட்ட 10 கிலோமீட்டர் நீள மேம்பாலத்துக்கு ஜி.டி.நாயுடுவின் பெயர் வைக்கப்பட்டிருக்கிறது. ரேஸர் கண்டுபிடித்தவர், மோட்டார் செய்தவர், இந்தியாவின் எடிசன்... இந்தப் பட்டியல் நம்மில் பலருக்கும் தெரியும். ஆனால், கண்டுபிடிப்பாளர் ஆவதற்கு முன்பே அவர் கில்லாடியாக இருந்த வேலை ஒன்று உண்டு. ஓடுகிற மெஷினை நிற்காமல் ஓட வைப்பது. நின்றுபோனால், ஏன் நின்றது என்று கண்டுபிடிப்பது.

இது ஏன் இப்போது முக்கியம்?

ஷீல்டு, கீசெயின், பெயர்ப்பலகை, கல்யாணப் பரிசு என எல்லாவற்றிலும் பெயர் பொறிக்கும் லேசர் என்கிரேவிங் மெஷின் இன்று பெருநகரத்து சமாச்சாரம் மட்டும் இல்லை. போடிநாயக்கனூர் மாதிரி ஏலக்காய் ஊரிலோ, அதன் பக்கத்துப் பொட்டிபுரத்திலோ ஒருவர் லோன் போட்டு ஒன்றை வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். மெஷின் படுத்துவிட்டால் மதுரையிலிருந்தோ கோவையிலிருந்தோ ஆள் வரணும். அதுவரை ஆர்டர் நிற்கும். லோன் தவணை நிற்காது.

ஏறக்குறைய இதே சிக்கலில்தான் நாயுடுவின் தொழில் வாழ்க்கையும் தொடங்கியது.

300 ரூபாய் பைக்

கோபால்சாமி துரைசாமி நாயுடு பிறந்தது 1893 மார்ச் 23, கோவைக்குப் பக்கத்தில் கலங்கல் கிராமத்தில். விவசாயக் குடும்பம். பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்துவரவில்லை. படிப்பு ஆரம்பப் பள்ளியோடு நின்றது.

அவர் வாழ்க்கையைத் திருப்பிப் போட்டது ஒரு மோட்டார் சைக்கிள். வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டிவந்த ரட்ஜ் வண்டியைப் பார்த்ததிலிருந்து, அது எப்படி ஓடுகிறது என்ற கேள்வி அவரை விடவில்லை. கோவைக்குப் போய் ஹோட்டலில் சர்வர் வேலை பார்த்து, சில வருடம் காசு சேர்த்து, சுமார் 300 ரூபாய்க்கு அந்த வண்டியையே வாங்கினார். வாங்கியவர் ஊர் சுற்றக் கிளம்பவில்லை. பாகம் பாகமாகக் கழற்றிப் போட்டு, திரும்பப் பூட்டினார். அவர் படித்த இன்ஜினீயரிங் இதுதான்.

நடுவில் பருத்தி வியாபாரத்தில் இறங்கி நன்றாகவே சம்பாதித்தார். பம்பாய் வரை போய், அதே பருத்தியில் பணத்தை இழந்தும் திரும்பினார்.

பஸ் நின்றால் காசு நின்றது

1920-ல் ராபர்ட் ஸ்டேன்ஸ் உதவியோடு ஒரு பஸ் வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஓட்டினார். முதலாளியும் அவர்தான், டிரைவரும் அவர்தான்.

அந்தக் காலத்து நிலைமையை யோசித்துப் பாருங்கள். வண்டியும் உதிரி பாகமும் கப்பலில் வர வேண்டியவை. வழியில் பஸ் நின்றால் அன்றைய வசூல் போச்சு. அடுத்த நாள் பயணியும் வேறு வண்டி பார்த்துக்கொள்வார். பழுதானபின் பார்ப்பதைவிட, பழுதாகாமல் பார்த்துக்கொள்வதுதான் மலிவு. அந்த ஒற்றை பஸ் வளர்ந்து யு.எம்.எஸ். என்ற பெரிய கம்பெனி ஆனது. நேரம் தவறாத பஸ் என்று பேர் வாங்கியது.

ரிப்பேரிலிருந்து கண்டுபிடிப்புக்கு

1937-ல் டி.பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து இந்தியாவிலேயே தயாரான முதல் மின்மோட்டாரைக் கொண்டுவந்தார். இன்று கோவை மோட்டார், பம்பு நகரமாக இருப்பதற்குப் போட்ட ஆரம்பப் புள்ளிகளில் இது ஒன்று.

அவருடைய மற்ற கருவிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் புரியும். ரஸாந்த் ரேஸர் டிரை செல் பேட்டரியில் ஓடும் சின்ன மோட்டார் வைத்தது. வீட்டில் கரன்ட் இல்லாதவரும் பயன்படுத்தலாம். மண்ணெண்ணெயில் ஓடும் ஃபேனும் அதே ரகம். தில்லுமுல்லு செய்ய முடியாத ஓட்டுப்பதிவு மெஷின், ஓட்டுப் பெட்டியில் இருந்த ஓட்டையை அடைக்கும் முயற்சி. எங்கே சிக்குகிறது என்று பார்ப்பது, அந்த இடத்தில் கை வைப்பது. மெக்கானிக்கின் புத்திதான் எல்லாவற்றிலும் வேலை செய்தது.

தோற்ற இடங்களும் உண்டு

1945-ல் அவருடைய முயற்சியிலும் நன்கொடையிலும் கோவையில் ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் வந்தன. அந்தக் கல்லூரிதான் இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி, ஜி.சி.டி. அதற்கு முதல்வராகவும் இருந்தார். நான்கு வருடப் படிப்பு தேவையில்லை, இரண்டு வருடமே தாராளம் என்பது அவர் கட்சி. அரசு ஒப்புக்கொள்ளவில்லை. அவர் பதவியை விட்டு விலகினார்.

1952-ல் இரண்டு பேர் போகும் பெட்ரோல் காரை 2,000 ரூபாய்க்குத் தர முடியும் என்று காட்டினார். தயாரிக்க அரசு உரிமம் கிடைக்கவில்லை. கார் ரோட்டுக்கு வரவே இல்லை. மெஷினில் எங்கே கோளாறு என்று கண்டுபிடித்தவரால், அனுமதிக்குக் காத்திருக்கும் ஃபைலை நகர்த்த முடியவில்லை.

லேசர் எங்கிருந்து வந்தது?

1964-ல், நாயுடுவுக்கு 71 வயதாகும்போது, மகாராஷ்டிராவின் பாராமதியில் பிறந்த குமார் படேல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கார்பன் டை ஆக்சைடு லேசரை உருவாக்கினார். இன்று மரம், அக்ரிலிக், தோல் மேல் எழுத்துப் பொறிக்கும் பல மெஷின்களின் உள்ளே இருப்பது அந்த வகை லேசர்தான். கண்ணாடி டியூபிலிருந்து கண்ணுக்குத் தெரியாத கதிர் கிளம்பி, மூன்று கண்ணாடிகளில் பட்டுத் திரும்பி, கடைசியில் லென்ஸ் வழியாக ஒரு புள்ளியில் குவிகிறது. பாதை இவ்வளவுதான். கோளாறும் பெரும்பாலும் இந்தப் பாதையில்தான்.

எழுத்து மங்கினால் எங்கே தேடுவது?

உடனே டியூப் போச்சு என்று முடிவு கட்ட வேண்டாம். காசு செலவில்லாததை முதலில் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்; இரண்டை மாற்றினால் எது சரிசெய்தது என்றே தெரியாது.

முதலில் ஃபோகஸ். லென்ஸுக்கும் பொருளுக்கும் நடுவே உள்ள உயரம் கொஞ்சம் மாறினாலே கோடு தடித்து மங்கும்.

அடுத்து லென்ஸ். மரப்புகை படிந்த லென்ஸ் கதிரைத் தானே உறிஞ்சிச் சூடாகி, கடைசியில் விரிசல் விடும். மெஷினை அணைத்து, லென்ஸ் ஆறியபின் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த லென்ஸ் துடைக்கும் தாளால் மெதுவாகத் துடைக்கணும். வேட்டி நுனி, பனியன் துணி கூடவே கூடாது.

மூன்றாவது கண்ணாடிகளின் நேர்கோடு. ஒரு மூலையில் நன்றாக வெட்டி, எதிர் மூலையில் மங்கினால் சந்தேகம் இங்கேதான். கண்ணாடிக்கு முன் மாஸ்கிங் டேப் ஒட்டி, மூடியை மூடி, குறைந்த பவரில் ஒரு நொடிக்கும் குறைவாகச் சுடுங்கள். தலைப்பகுதி பக்கத்தில் இருக்கும்போதும் தூரத்தில் இருக்கும்போதும் கருகிய புள்ளி ஒரே இடத்தில் விழணும்.

நான்காவது தண்ணீர். டியூபைக் குளிர்விக்கக் குழாய்த் தண்ணீர் ஊற்றினால் உப்பு படியும். டிஸ்டில்ட் வாட்டர்தான் சரி. சுமார் 15 முதல் 25 டிகிரி வரை வைத்துக்கொள்ளலாம். மழைக்காலத்தில் மலையடிவார ஊர்க்காரர்கள் இன்னொன்றும் கவனிக்கணும். ஈரக்காற்றில் தண்ணீரை ரொம்பக் குளிர வைத்தால் டியூபின் வெளியே நீர் முத்து கோத்து, உயர் மின்னழுத்தம் அதன் வழியே தாவிவிடும்.

இத்தனையும் சரியாக இருந்தால்தான் டியூப் மேல் சந்தேகப்படலாம். எழுத்து மங்காமல் இரட்டையாக, நெளிந்து விழுந்தால் அது வேறு கதை: பெல்ட் தளர்ந்திருக்கும், இல்லை புல்லியின் ஸ்க்ரூ லூஸாகியிருக்கும். சின்ன டையோடு மெஷினில் டியூபும் தண்ணீரும் கிடையாது; லென்ஸ், பெல்ட் விஷயம் அதற்கும் பொருந்தும்.

எங்கே கை வைக்கக் கூடாது?

டியூபுக்குப் போகும் பவர் சப்ளையில் பல ஆயிரம் வோல்ட் ஓடும். அணைத்தபிறகும் மின்சாரம் மிச்சமிருக்கலாம். அந்தப் பெட்டியைத் திறப்பது தெரிந்தவர் வேலை. மூடியைத் திறந்ததும் லேசரை நிறுத்தும் சுவிட்சை ஏமாற்றி ஓட்டாதீர்கள், கண் போய்விடும். பி.வி.சி. ஷீட்டை வைக்கவே கூடாது. அதிலிருந்து வரும் குளோரின் கலந்த நச்சுப்புகை நுரையீரலையும் மெஷினையும் சேர்த்து அரிக்கும். ஓடும் மெஷினை விட்டுவிட்டு டீ குடிக்கப் போவதும் வேண்டாம். தீப்பிடிக்க ஒரு நிமிடம் போதும்.

நாயுடு விட்டுப்போனது

1974 ஜனவரி 4 அன்று, 80 வயதில் ஜி.டி.நாயுடு காலமானார். அவர் சேர்த்த கருவிகளும் செய்த கருவிகளும் கோவை அவிநாசி சாலை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவருடைய கார் கடைக்கு வரவில்லை, கல்லூரித் திட்டம் ஏற்கப்படவில்லை. ஆனால், படிக்காத ஒருவர் கழற்றிப் பார்த்தே கற்றுக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை அந்த ஊரின் பட்டறைகளில் தங்கிவிட்டது.

லேசர் மெஷின் வாங்கப் போகிறவர்கள் அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ரொம்பச் சின்னது. வாங்கும் அன்றே ஒரு ஸ்பேர் லென்ஸும் பெல்ட்டும் கேட்டு வாங்குங்கள். பொருத்த வருபவர் கண்ணாடியைச் சரிசெய்யும்போது பக்கத்தில் நின்று, ஒருமுறை உங்கள் கையாலும் செய்து பாருங்கள். லென்ஸ் துடைத்த தேதி, தண்ணீர் மாற்றிய தேதி, எந்தப் பவரில் எந்த மரம் எப்படி வந்தது, எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த முறை எழுத்து மங்கும்போது, போனை எடுப்பதற்கு முன் அந்த நோட்டைத் திறக்கலாம்.